ஜெமிமாவின் இடது பக்கம்

ஜெமிமாவுக்குப் பக்கவாதம் வந்த புதன்கிழமை சாயங்காலம் வியாசர்பாடி மைதானத்தின் இடது பாதி காணாமல் போனது. பூமி பிளந்து உள்ளே போகவில்லை, யாரும் வேலி போட்டு வளைத்துக்கொள்ளவும் இல்லை. ஜெமிமா நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வலது பக்கத்துக் கோல் போஸ்ட், அதன் பின்னால் ரயில் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் ஹவுசிங் போர்டு மொட்டைமாடிகளின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் வழக்கம்போல இருந்தன. இடது பக்கத்தில் ஒன்றும் இல்லை. இருட்டோ மூட்டமோ கிடையாது. நம் முதுகுக்குப் பின்னால் நமக்கு என்ன தெரியுமோ அதுதான் அங்கே தெரிந்தது. கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த வருஷம் அது.

ஜெமிமாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. தன் காலத்தில் மாநில அணியில் தடுப்பாட்டம் ஆடியவள். ஆடுவதை நிறுத்திய பிறகு, ரயில்வேயில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டே, போர்டு குடியிருப்புப் பெண்களைச் சேர்த்து ஒரு கால்பந்து அணியைக் கட்டினாள். புளியந்தோப்பிலிருந்தும் கொடுங்கையூரிலிருந்தும் பெண்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் அவள் கோச்சக்கா. கூட்ஸ் வண்டி கடக்கும்போதுகூட அவள் குரல் மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும். நடுவரிடம் பொய் சொல்லக்கூடாது, அடிபடாமல் விழுந்து புரளக்கூடாது என்பவை அவளுடைய சட்டங்கள். மீறியவர்கள் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரியாக இருந்தாலும் வெளியே உட்கார வேண்டியதுதான். அவளிடம் ஆடினோம் என்று சொல்லிக்கொள்வதில் அந்தப் பெண்களுக்கு ஒரு கர்வம் இருந்தது. அது நியாயமான கர்வம்தான்.

அன்று விசில் அவள் வாயின் இடது ஓரத்திலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. மைதான வாசலில் கேழ்வரகுக் கூழ் விற்கும் கெங்கம்மா இதைப் பார்த்துவிட்டுக் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். அவளுடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஒரு நாள் வாய் கோணியது. அன்றைக்கு வீட்டில் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

"ஜெமிமா, ரெண்டு கையையும் தூக்கு" என்றாள் கெங்கம்மா.

ஜெமிமா வலது கையை மட்டும் தூக்கினாள். "தூக்கிட்டேன். இன்னா இப்போ?"

கெங்கம்மா ஆட்டோவைக் கூப்பிட்டாள். மூளையின் வலது பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூளையின் வலது பாதிதான் உடம்பின் இடது பாதியை நடத்துகிறது, உலகத்தின் இடது பாதியைக் கவனிப்பதும் பெரும்பாலும் அதுதான் என்று ஒரு டாக்டர் நிதானமாக விளக்கினார். நேரத்துக்குக் கொண்டுவந்ததால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது, உயிர் தங்கியது. மைதானம் மறுநாளே முழுசாகிவிட்டது. காணாமல் போகும் பாதி ஜெமிமாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது.

அவள் கண்ணைத் திறந்திருக்கும்போதெல்லாம் வார்டில் அவளுக்கு இடது பக்கத்துக் கட்டில்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அவள் தூங்கினால் திரும்ப வந்துவிடும். அந்தக் கட்டில்களில் இருந்தவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது, அந்தம்மா மட்டும்தான் தெரியவில்லை என்றார்கள். அவர்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஜெமிமா தூங்கும்வரை வராந்தாவில் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். ஏனோ அவளுடைய உடம்பின் இடது பாதி மட்டும் மற்ற எல்லோருக்கும் தெரிந்தது, அவளுக்குத்தான் தெரியவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த தன் இடது கையைப் பார்க்கச் சொன்னபோது, அது கெங்கம்மாவுடையது, மறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், பாவம், கூழ் ஊற்ற என்ன செய்கிறாளோ என்றாள். இப்படி வருவது உண்டு என்று டாக்டர் சொன்னார். பொய்யில்லை, பிடிவாதமும் இல்லை, அடிபட்ட மூளைக்குத் தான் அடிபட்டதே தெரிவதில்லை.

அவள் கணவன் பெனிட்டோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ராயபுரத்துக்காரன், அதிகம் பேசாதவன். கண்டெய்னர்களுக்கு மேலே உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து, கீழே இறங்கிய பிறகும் அவனுக்குப் பேச்சு வருவதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜெமிமாவின் இடது பக்கத்தில்தான் படுத்தான், இடது பக்கத்தில்தான் நடந்தான். அவளை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று கட்டிலின் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். உடனே காணாமல் போனான். சாயங்காலம்வரை ஜெமிமா அவனை எங்கே என்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து "இங்கதான் கீறேன், இங்கதான் கீறேன்" என்று சொல்லிப் பார்த்தும் அவள் குரல் வந்த பக்கம் திரும்பாமல் போகவே, எழுந்து வலது பக்கமாகச் சுற்றி வந்தான். "வந்துட்டியா" என்றாள்.

அதன்பிறகு பெனிட்டோ வீட்டையே வலது பக்கம் சாய்த்தான். கட்டில் அப்படியே இருந்தால் சமையற்கட்டு காணாமல் போய், குக்கர் எங்கிருந்து விசிலடிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் தேடினார்கள். கட்டிலைத் திருப்பிப் போட்டால் வாசற்கதவு போய்விட்டது, வந்தவர்கள் சுவரிலிருந்து வந்ததுபோல் வந்தார்கள். கடைசியில் இடது பக்கம் வெறும் சுவர் வருகிற மாதிரி கட்டிலை ஒட்டிப் போட்டு, தண்ணீர், மாத்திரை, ஃபோன், தன் நாற்காலி எல்லாவற்றையும் வலது பக்கம் கொண்டுவந்தான். தட்டில் சோறு போட்டால் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பசிக்கிறது என்பாள். அவன் தட்டைத் திருப்பி வைப்பான், மிச்சத்தைச் சாப்பிடுவாள். பின்னால் வெளியே போக ஆரம்பித்தபோதும், பஸ் பலகையில் வியாசர்பாடி என்று இருந்தால் அவளுக்குப் பாடி என்றுதான் தெரியும், அது வேறு ஏரியா, நம்ம பஸ் இல்லை என்று நின்றுவிடுவாள். தனக்கு என்ன குறை என்று கேட்டால், ஒன்றும் இல்லை, கால் கொஞ்சம் மரத்துப்போயிருக்கிறது என்றாள்.

கொஞ்சம் எழுந்து நடமாட முடிந்ததும் மைதானத்துக்குப் போக வேண்டும் என்றாள். கெங்கம்மாவும் பெனிட்டோவும் இரண்டு பக்கமும் பிடித்து அழைத்துப்போய் பக்கக்கோட்டின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மைதானத்தின் இடது பாதி மறுபடி போனது. முதலில் பெண்கள் மிரண்டார்கள். இடது பக்க முன்வரிசையில் ஆடும் உமைமாதான், புளியந்தோப்பிலிருந்து சைக்கிளில் வருகிறவள், பந்தைத் துரத்திக்கொண்டு முதலில் உள்ளே போனாள். சற்று நேரம் கழித்துப் பந்தோடு வெளியே வந்தாள். "உள்ள நல்லாத்தான் கீது" என்றாள். "போஸ்டு கீது, புல்லு கீது, அந்த நாய்கூட அங்கியேதான் தூங்கினு கீது. கோச்சக்கா மட்டும்தான் காணோம்." அதன்பிறகு எல்லோரும் போய் வர ஆரம்பித்தார்கள்.

அதைவிடக் கஷ்டமாக இருந்தது குரல். ஜெமிமாவின் குரலில் இருந்த ஏற்ற இறக்கம் எல்லாம் போய்விட்டது. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரே சீராகப் பேசினாள். நல்ல பாஸ் என்று சொல்வதும், வீட்டுக்குப் போ என்று சொல்வதும் ஒரே மாதிரி இருந்தன. பெண்களின் முகத்தைப் பார்த்து யார் சோர்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதிலும் அவளுக்குத் தடுமாற்றம் வந்தது. முன்பெல்லாம் அழப்போகிறவளை அழுவதற்கு முன்பே தெரிந்துகொள்வாள். சிலர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். நின்றவர்களை மெஹ்னாஸ் என்கிற நடு ஆட்டக்காரி வீடு வீடாகப் போய் அழைத்து வந்தாள், புது வழக்கம் ஒன்றையும் கொண்டுவந்தாள். ஜெமிமா ஏதாவது சொன்னதும் கேட்பாள்: "கோச்சக்கா, இது திட்டா, பாராட்டா?" ஜெமிமா யோசித்து "திட்டு" என்பாள். அல்லது "பாராட்டு" என்பாள். அதற்கேற்பப் பெண்கள் வருத்தப்பட்டார்கள் அல்லது சந்தோஷப்பட்டார்கள்.

அந்த வருஷம் திருவொற்றியூரில் நடந்த கோப்பைப் போட்டியில் வியாசர்பாடி இறுதியாட்டத்துக்குப் போனது. எதிரே எண்ணூர் அணி. ஜெமிமா நாற்காலியில் உட்கார்ந்ததும் திருவொற்றியூர் மைதானத்தின் இடது பாதி போனது. நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மழை பெய்தால், வெளிச்சம் போனால் என்ன செய்வதென்று இருந்தது. பாதி மைதானம் இல்லாவிட்டால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி எங்கும் இல்லை என்பதால் விசில் ஊதினார். எண்ணூர்ப் பெண்கள், காணாமல் போன பாதியின் விளிம்புவரை ஓடிவந்து, தண்ணீருக்குள் இறங்கத் தயங்குகிறவர்கள்போல நின்றார்கள். அவர்களுடைய கோல்காரி மட்டும் உள்ளே தனியாக மாட்டிக்கொண்டாள். வியாசர்பாடிப் பெண்களுக்கு அது பழகிய வீடு. உமைமா உள்ளே போவாள், நடுவர் பின்னாலேயே போவார், கோல் என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவார். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறியபோதும் எண்ணூர்க்காரர்களால் உள்ளே வர முடியவில்லை. மூன்று கோல் வித்தியாசத்தில் வியாசர்பாடி ஜெயித்தது.

பெண்கள் ஜெமிமாவைச் சுற்றிக் குதித்தார்கள். அவள் எதற்கு என்று கேட்டாள்.

"ஜெயிச்சிட்டோம் கோச்சக்கா" என்றாள் மெஹ்னாஸ்.

"எப்படி? ஒரு கோலும் விழலையே. நான் கண்ணை எடுக்காம பாத்துகினுதான் இருந்தேன்."

"மூணு விழுந்துச்சு. உமைமா போட்டா."

"எந்தப் போஸ்டுல?"

ஜெமிமா மைதானத்தைப் பார்த்தாள். வலது பக்கம் ஒரு போஸ்ட் இருந்தது. மைதானம் என்றால் இரண்டு போஸ்ட் என்று இருபது வருஷத்துக்கு மேலாகச் சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். இன்னொன்றைத் தேடினாள். வெகுநேரம் தேடினாள். பிறகு பெனிட்டோவிடம், "ஏய்யா, ஒண்ணுதான் கீது" என்றாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து தனக்கு ஏதோ குறை என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. தட்டு, சமையற்கட்டு, கட்டில், எண்ணூர்ப் பெண்கள் விளிம்பில் நின்ற விதம் எல்லாவற்றையும் பெனிட்டோ அங்கேயே சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். வலது கண்ணிலும் இடது கண்ணிலும் தண்ணீர் வந்தது. வலது பக்கத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

கோப்பையைக் கொடுக்க மேடைக்குக் கூப்பிட்டபோது ஜெமிமா கோலூன்றி எண்ணூர்ப் பயிற்சியாளர் கிருஷ்ணப்பனிடம் போனாள். அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர் வேலை பார்க்கும் பெரிய ஆள் அவர். "உங்க பசங்களுக்குப் பாதி கிரவுண்டுதான் இருந்துச்சு" என்றாள். "எங்க பசங்களுக்கு முழுசும் இருந்துச்சு. இது ஆட்டமே இல்ல. கோப்பை இங்கியே இருக்கட்டும். என் பக்கத்தை நான் தேடி எடுத்துக்கினு வரேன், மறுபடி ஆடலாம்." கிருஷ்ணப்பன் எழுந்து நின்று சரி என்று தலையாட்டினார்.

உமைமா அழுதாள். தான் ஓடியது நிஜம், உதைத்தது நிஜம், நடுவர் விசில் ஊதியது நிஜம், பின் எதற்குக் கோப்பையை விட வேண்டும் என்று பஸ் முழுக்கச் சண்டை போட்டாள். ஜெமிமா அந்த ஒரே சீரான குரலில் சொன்னாள்: "நீ போட்ட கோலை நான் பாக்கல. எதிர் டீமும் பாக்கல. எல்லாரும் பாக்குற எடத்துல போடு." இது திட்டா பாராட்டா என்று அன்று யாரும் கேட்கவில்லை. உமைமா ஒரு வாரம் பயிற்சிக்கு வரவில்லை. பிறகு வந்தாள்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் ஃபிசியோதெரபிஸ்ட் தஸ்னீமை ஜெமிமா அதற்கு முன் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தாள். இப்போது அவளே ஆளனுப்பிக் கூப்பிட்டாள். தஸ்னீம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்ததையும் எல்லாச் சாமானும் ஒரே பக்கம் குவிந்திருந்ததையும் பார்த்துவிட்டுப் பெனிட்டோவிடம் சொன்னாள்: "அண்ணே, நல்லது பண்றோம்னு நெனச்சு எல்லாத்தையும் வலது பக்கம் கொண்ணாந்து வெச்சிக்கிறீங்க. அப்புறம் அவங்க எதுக்கு இடது பக்கம் திரும்பணும்? அங்கேர்ந்து யாரும் கூப்புடலையே."

"நான் அங்க போனா காணாம போயிடுவேன்மா."

"போங்க. போயி அங்கேர்ந்து கூப்புடுங்க."

அன்றே கட்டில் அறையின் நடுவுக்கு வந்தது. தண்ணீர், மாத்திரை, ஃபோன் எல்லாம் இடது பக்கம் போயின, நாற்காலியோடு பெனிட்டோவும் போனான். அந்த மழைக்காலத்திலிருந்து அடுத்த கோடை வரை, வேலைக்குப் போகும் நேரம் தவிர, அவன் காணாமல் போன பக்கத்திலேயே குடியிருந்தான். பேச்சு நின்றால் ஜெமிமா வலது பக்கம் திரும்பிவிடுவாள் என்பதால் அவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எந்தக் கப்பல் வந்தது, எந்த நாட்டு மாலுமி ஏணியில் வழுக்கினான், உயரத்திலிருந்து பார்த்தால் எண்ணூர்ப் புகைபோக்கிகள் எந்தப் பக்கம் சாய்ந்து புகைகின்றன, கல்யாணத்துக்கு முன் அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க எப்படி வேலைக்கு மட்டம் போட்டான் என்று எல்லாம் சொன்னான். அவ்வளவு வருஷக் குடும்பத்தில் பேசாத பேச்சை அந்தச் சில மாதங்களில் பேசினான். ஜெமிமா ஆளில்லாத பக்கத்தோடு சண்டை போட்டாள், சிரித்தாள். பெனிட்டோ கப்பலேறி ஓடிவிட்டான் என்று கீழ்மாடியில் ஒரு பேச்சுக் கிளம்பியது. விசாரிக்க வந்த பங்குத்தந்தைக்கு வெறும் காற்றிலிருந்து ஒரு டம்ளர் டீ வந்தது. குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சு அடங்கியது.

தஸ்னீம் அகலமான சிவப்பு டேப்பை எடுத்துத் தட்டின் இடது விளிம்பில், கதவின் இடது நிலையில், செய்தித்தாளின் இடது ஓரத்தில் ஒட்டினாள். சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அதற்கு முன் சாப்பிடவோ படிக்கவோ கூடாது. ஜெமிமா தன் பெண்களை எப்படி விரட்டுவாளோ அப்படித் தன்னை விரட்டினாள். கழுத்து வலித்தது, தலை சுற்றியது, சில நாள் எரிச்சலில் தட்டைத் தள்ளிவிட்டாள். இடது கையை எடுத்து மேசைமேல் எதிரே வைத்து, வலது கையால் தேய்த்துக்கொடுக்கச் சொன்னாள் தஸ்னீம். "இது யார் கைக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கெங்கம்மாவுடையது என்றவள், பிறகு யாருடையதோ என்றாள், பொங்கல் கழிந்த ஒரு நாள், "என்னுதுதான். சொன்ன பேச்சு கேக்காது" என்றாள். தஸ்னீம் அன்று மற்ற வீடுகளுக்குத் தாமதமாகப் போனாள்.

முதலில் வந்தது சிவப்பு டேப். பிறகு சமையற்கட்டின் விளிம்பு, அடுப்பு, ஜன்னல் கம்பிகள் என்று சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து இடத்தில் நின்றன. ஒரு மத்தியானம் பெனிட்டோ சரக்குக் கப்பல் ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜெமிமா குரலைத் தேடித் தலையைத் திருப்பிக்கொண்டே போனாள், அவனுடைய காது தெரிந்தது, அதற்குப் பின் கன்னம், மீசை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உனக்கு எப்போ நரைச்சுது?" என்றாள்.

"நீ பாக்காம இருந்தப்போ" என்றான் பெனிட்டோ. அதற்கு மேல் பேச வேண்டிய அவசியம் அப்போது இல்லை.

மறு ஆட்டம் அந்தக் கோடை கழிந்து, மழைக்கு முன் திருவொற்றியூரிலேயே நடந்தது. செய்தி பரவி ராயபுரத்திலிருந்தும் சாத்தாங்காட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வலது கையில் ஊன்றுகோலோடு ஜெமிமா பக்கக்கோட்டில் நின்றாள், உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். தலையை இடது பக்கம் திருப்பினாள். கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுற்றிவருவதுபோல அவள் பார்வை போகப் போக மைதானம் நீண்டுகொண்டே போனது. நடுக்கோடு தாண்டி, பெனால்டி கட்டம் தாண்டி, கோல் போஸ்ட் வந்தது, அதில் வலை இருந்தது. கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. எண்ணூர்ப் பெண்கள் அந்தப் போஸ்டுவரை ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வந்தார்கள்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்தப் போஸ்டில்தான் எண்ணூர் ஒரு கோல் போட்டது. அப்போது அது வியாசர்பாடியின் போஸ்ட். தடுப்பாட்டக்காரி இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டாள், அந்த இடைவெளியில் பந்து நுழைந்தது. ஜெமிமா அதைப் பார்த்தாள். பந்து வந்த வழி, தடுப்பாட்டக்காரியின் கால், கோல்காரி விழுந்த பக்கம் எல்லாவற்றையும் பார்த்தாள். "பின்னாடி நில்லு, பின்னாடி நில்லு, இன்னா தூக்கமா?" என்று கத்தினாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஆனால் மைதானம் முழுக்கக் கேட்டது. மெஹ்னாஸ் ஓடிக்கொண்டே திரும்பி, "கோச்சக்கா, இது திட்டுதானே?" என்றாள். "திட்டு" என்றாள் ஜெமிமா. பெனிட்டோ அவள் முகத்தைப் பார்த்தான். கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளர் அவ்வளவு கர்வத்தோடு நின்று அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பக்கம் மாறிய பிறகு உமைமா அதே போஸ்டில் ஒன்று போட்டாள், கடைசியில் மெஹ்னாஸ் இன்னொன்று போட்டாள். இரண்டுக்கு ஒன்று. கிருஷ்ணப்பன் தானே கோப்பையைத் தூக்கி ஜெமிமாவிடம் கொண்டுவந்தார். அவளுடைய இடது பக்கமாக வந்து கொடுத்தார். அவள் திரும்பி வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் வருஷங்கள் போயிருக்கின்றன. இடது கை மேசைமேல் காகிதம் பறக்காமல் கனமாக வைக்கத்தான் உதவுகிறது, காலை இழுத்துத்தான் நடக்கிறாள், களைப்பாக இருக்கும் நாட்களில் சமையற்கட்டு கொஞ்சம் மங்குகிறது. பெனிட்டோ மறுபடி பேச்சைக் குறைத்துக்கொண்டான், இடது பக்கத்து நாற்காலியை மட்டும் விடவில்லை. மைதானத்தில் அவள் இருக்கும்போது இடது கோடி கார்னர் மட்டும் இன்றுவரை வரவில்லை. கொடி நடும் மூலையும் அதைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவு மண்ணும் இல்லாமல்தான் இருக்கின்றன. வரலாம், வராமலும் போகலாம் என்று தஸ்னீம் சொல்லியிருக்கிறாள். சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் வாளியோடு உள்ளே போய், கோட்டை முடித்துவிட்டு மறுபக்கம் வெளியே வருகிறார். வெளியூர் அணிகளிடம் ஆட்டத்துக்கு முன், அந்தப் பக்கம் பள்ளம் இருக்கிறது என்று சொல்வதுபோல, அந்த மூலை கொஞ்சம் இருக்காது, பயப்படாமல் போகலாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டை அணியோடு ஆட்டம். அந்த இடது மூலையில் கார்னர் கிடைத்தது. உமைமா பந்தை எடுத்துக்கொண்டு மூலைக்குள் போனாள். ஜெமிமா தலையைத் திருப்பி எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டமும் அந்தப் பக்கமே பார்த்தது. பந்து வளைந்து வெளியே வந்தது, மெஹ்னாஸ் எகிறித் தலையால் முட்டி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் கோல் போட்டாள்.